தூக்குக்குண்டு

மழை விட்ட மூன்றாம் நாள்
பொன்மனையில் ரோஸ்பாயின் புகைப்புரையை எடுத்தேன்.
காலை ஏழு இருபது.
ரப்பர் மரங்களுக்குள் வெயில் இன்னும்
இடுப்பளவுகூட இறங்கவில்லை.
வெட்டுகல் சுவரில் பாதி பாசி, பாதி புகைக்கறை.
ஓட்டு இடுக்குகளில் புகை
யாரிடமும் வழி கேட்காமல்
வெளியே வந்துகொண்டிருந்தது.

நல்லபடியாகத்தான் எடுத்தேன்.
வாசலை நடுவில் வைக்காமல்
இடப்பக்கம் ஒதுக்கி
ஷீட்டு காயும் கொடிக்கு இடம் விட்டேன்.
தண்ணீர்க் குழாயின் நீலம் கண்ணை இழுத்தது.
இரண்டடி நகர்ந்து
வாழைக்குப் பின்னால் அதை அனுப்பினேன்.

உள்ளே முப்பது வருடத்துக் கரி.
மீட்டருக்குக் கரியைக் கண்டால் பதற்றம்,
கறுப்பெல்லாம் சாம்பலாகும்வரை
வெளிச்சத்தை அள்ளிக் கொட்டும்.
ஒன்றரை ஸ்டாப் குறைத்தேன்.
கரி கரியாகவே நின்றது,
மூங்கிலில் தொங்கிய ஷீட்டுகள் மட்டும்
கருப்பட்டிப் பாகின் நிறத்தில்
ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

ராத்திரி மார்த்தாண்டத்தில்
லாப்டாப் முன்னால் உட்கார்ந்து
மின்கம்பியை அழித்தேன்.
வெளிறிய வானத்தைக் கொஞ்சம் அடக்கினேன்.
பிறகு அந்தச் சுவர்.
தெற்கே சாய்ந்திருந்தது.
அகல லென்சின் கோளாறு என்று நினைத்தேன்,
நிமிர்ந்து பார்த்து எடுத்தால் எதுவும் சாயும்.
ஒரு பட்டியை இழுத்தேன், அவ்வளவுதான்.
ஞாயிறு ஆராதனைக்கு வந்தவன் போலப்
புகைப்புரை விறைத்து நின்றது.

ரோஸ்பாய் கேட்டாள் என்று படத்தை அனுப்பினேன்.
அவள் அதை
நிவாரண விண்ணப்பத்தோடு சேர்த்துவிட்டாள்.

பத்து நாள் கழித்து போன் வந்தது.
"சாரே, எஞ் செவர நீரு நிமித்திட்டீரு."
எனக்கு விளங்கவில்லை.
"ஆபீசுல கேக்கியாவ,
நேராத்தானே நிக்குது, பின்ன என்ன சேதம்னு."

மூலக் கோப்பைத் தேடி எடுத்தேன்.
அதில் சுவர் சாய்ந்துதான் இருந்தது.
அனுப்பலாம்.
கேமராவைச் சரித்துப் பிடித்தான் என்பார்கள்.
நானே அப்படித்தானே நினைத்தேன்.

மறுபடி போனபோது நட்டுச்ச வெயில்,
எந்தப் புத்தகமும் எடுக்கச் சொல்லாத நேரம்.
கொத்தனார் தாசையன் கழுக்கோலில் ஏறி
தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டார்.
நூல் ஆடியது.
காற்று நிற்கட்டும் என்று மூவரும் காத்திருந்தோம்.
வெள்ளை நூல், கறுத்த சுவர்,
மேலே ஒட்டியும் கீழே ஏழு அங்குலம் விலகியும்.
அந்த ஏழு அங்குலத்தில் ரோஸ்பாய்
தையல் டேப்பைப் பிடித்துக்கொண்டு
முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எடுத்தேன்.
நூல் படத்தின் நட்டநடுவே ஓடியது.
மின்கம்பி இருந்தது, நீலக் குழாய் இருந்தது,
என் ஸ்கூட்டரின் பின்சக்கரமும் இருந்தது.
வானம் வெந்து வெளுத்துக் கிடந்தது.
எண்கள் தெளிவாகத் தெரியவேண்டும் என்பதால்
கரியைக்கூட இந்தத் தடவை சாம்பலாக விட்டேன்.
எதையும் தொடாமல் அங்கிருந்தே அனுப்பினேன்.
இத்தனை கவனமாக
ஒரு அசிங்கமான படத்தை நான் எடுத்ததில்லை.

கட்டன்சாயா வந்தது.
ரோஸ்பாய் தன் போனில்
பழைய படத்தைத் திறந்து
தாசையனிடம் நீட்டினாள்.
"இன்னா, இதுபோல நிமித்தணும்னா
எவ்வளவு ஆவும்?"

தாசையன் கையைக் கைலியில் துடைத்தார்.
இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி
அடித்தளத்தைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார்,
கூரைக்கு மேலே வெகுநேரம் பார்த்தார்.
பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:
"கம்பியையும் எடுக்கணுமோ?"